ஷெஃபீல்டு போய்ப் பட்டர்வொர்த் திரும்பியவளிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்தில். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், அம்மா பக்கத்து ஊரான பிறையில் தொழிற்சாலை வேலை. 2018 செப்டம்பரில் மின்னணுப் பொறியியல் படிக்க இங்கிலாந்தின் ஷெஃபீல்டுக்குப் போனேன். 2020 செப்டம்பரில் திரும்பி வந்தேன். அன்றிலிருந்து தீபாவளிக்கு வீட்டுக்கு வருபவர்கள், கோயிலில் பார்ப்பவர்கள், அம்மாவின் தோழிகள், அவர்களுடைய பிள்ளைகள் எல்லாரும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். ஒவ்வொருவருக்கும் வாட்சப்பில் குரல் பதிவு அனுப்பித் தொண்டை வறண்டுவிட்டது. அதனால் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

போவதைப் பற்றி நூறு கேள்வி வரும், வருவதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விகளை நானே சேர்த்திருக்கிறேன்.

எவ்வளவு செலவாகும்?

எனக்குக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 20,000 பவுண்டுக்குக் கொஞ்சம் மேல். அப்போது ஒரு பவுண்டு ஐந்தேகால், ஐந்தரை வெள்ளி (ரிங்கிட்) என்று ஆடிக்கொண்டிருந்தது. வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாம் தனி. அம்மாவுக்குப் பவுன் என்றால் தங்கம்தான். "பவுனை வித்துப் பவுண்டு கட்டுறோம்" என்று அவர் சொன்னதைக் கேட்டு எல்லாரும் சிரித்தோம். அடுத்த வாரமே அவருடைய ஆரம் அடகுக் கடைக்குப் போயிற்று. அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

விளம்பரத்தில் வராத செலவுகள்தான் குடும்பத்தை உலுக்கும். பிரிட்டனுக்கு விசாக் கட்டணம் போக, சுகாதாரச் சேவைக்கென்று மாணவர்கள் ஆண்டுக்கு 776 பவுண்டு கட்டவேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து இந்த அளவு. படிப்பு மூன்று ஆண்டு என்றால் அத்தனைக்கும் முன்பணமாகவே வாங்கிவிடுவார்கள். மலேசியாவிலிருந்து போகிறவர்கள் காசநோய்ப் பரிசோதனையும் எடுக்கவேண்டும். விசாவுக்குக் காட்டும் பணம் வங்கிக் கணக்கில் 28 நாள் அசையாமல் இருக்கவேண்டும். பெரியப்பாவிடம் ஒரு வாரத்துக்குக் கைமாற்று வாங்கிக் காட்டிவிடலாம் என்று நினைத்தால் நடக்காது. ஆஸ்திரேலியாவில் மாணவர் விசாக் கட்டணமே 2025 ஜூலையிலிருந்து 2,000 ஆஸ்திரேலிய டாலர்.

இன்னொரு செலவு எந்தப் பட்டியலிலும் இருக்காது. படித்து முடித்துத் திரும்பும் டிக்கெட், வந்தபிறகு வேலை கிடைக்கும்வரை ஆறு மாதக் கைச்செலவு. அதை முதல் நாளே ஒதுக்கி வையுங்கள். இருபத்து மூன்று வயதில் பெட்ரோலுக்கு அப்பாவிடம் கை நீட்டி நின்றவள் சொல்கிறேன்.

பணத்துக்கு வழி?

அரசின் உயர்கல்வி நிதியான பிடிபிடிஎன் தரும் கடன் உள்நாட்டுக் கல்வி நிலையங்களுக்கு மட்டும்தான். இது தெரியாமலேயே பலர் திட்டம் போடுகிறார்கள். ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம்மில் மிகச் சிறந்த தேர்ச்சி என்றால் பொதுச் சேவைத் துறையின் உபகாரச் சம்பளத்துக்கு முயலலாம். அதற்குப் பணி ஒப்பந்தம் உண்டு. பெட்ரோனாஸ், பேங்க் நெகாரா, கசானா போன்றவையும் தருகின்றன. முதுகலைக்குப் போகிறவர்கள் பிரிட்டிஷ் அரசின் செவனிங்கைப் பாருங்கள். இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்பார்கள். படித்து முடித்ததும் குறைந்தது இரண்டு ஆண்டு சொந்த நாட்டுக்குத் திரும்பி வந்து இருக்கவேண்டும் என்பதும் நிபந்தனை. திரும்புவதையும் கணக்கில் வைத்த உதவித்தொகை என்பதால் எனக்கு அதன்மேல் ஒரு மரியாதை.

மற்றவர்களுக்கு ஈபிஎஃப்தான். பெற்றோர் தங்கள் சேமநிதியிலிருந்து பிள்ளைகளின் உயர்கல்விக்குப் பணம் எடுக்கலாம். முன்பு இரண்டாம் கணக்கிலிருந்து எடுத்தார்கள். 2024 மே மாதம் கணக்குகளை மூன்றாகப் பிரித்தபிறகு செஜாத்ரா கணக்கிலிருந்து எடுக்கிறார்கள். மாதச் சந்தாவில் 15 விழுக்காடுதான் அந்தக் கணக்குக்குப் போகிறது. அது அப்பாவின் முதுமைக்கால அரிசிப் பணம். எடுக்கவேண்டாம் என்று சொல்லவரவில்லை, நானே எடுக்க வைத்தவள்தான். எடுக்கும்போது கையெழுத்துப் போடுகிறவரின் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கேயே இருந்து வெளிநாட்டுப் பட்டம் வாங்கமுடியாதா?

தாராளமாக. மோனாஷ் 1998-லும் நாட்டிங்காம் 2000-லும் மலேசியாவில் வளாகம் திறந்தன. இவை போக 2+1, 1+2, 3+0 என்று கூட்டல் கணக்குப் போல எழுதுவார்களே, அவையும் உண்டு. முதல் எண் இங்கே படிக்கும் ஆண்டுகள், இரண்டாவது அங்கே. நான் 1+2. முதல் ஆண்டை இங்கே ஒரு கல்லூரியில் முடித்ததால் ஓர் ஆண்டுச் செலவு மிச்சமானது.

3+0 பரவலானதற்கு ஒரு காரணம் உண்டு. என் சின்ன மாமா 1996-ல் அமெரிக்கா போனார். அப்போது ஒரு டாலருக்கு இரண்டரை வெள்ளி. அடுத்த ஆண்டு ஆசிய நிதி நெருக்கடி வந்தது. 1998 ஜனவரியில் டாலர் 4 வெள்ளி 88 காசு வரை ஏறியது. செப்டம்பரில் 3.80 என்று அரசு கட்டிவைத்தபோது மாமா ஏற்கெனவே வீட்டில்தான் இருந்தார். நாடு முழுக்க அப்படிப் பல வீடுகள். அந்த நெருக்கடியில்தான் முழுப் படிப்பையும் உள்ளூரிலேயே முடிக்கும் ஏற்பாடு வேகம் பிடித்தது. மாமாவும் அப்படித்தான் பட்டத்தை முடித்தார். இன்றும் யாராவது வெளிநாடு என்றால் அவர் கேட்கும் முதல் கேள்வி, "நாளைக்கு வெள்ளி விழுந்தா என்ன செய்வ?" எரிச்சலாக இருக்கும். ஆனால் சரியான கேள்வி.

முகவரை நம்பலாமா?

விண்ணப்பம் நிரப்ப, விசாத் தாள்களைச் சரிபார்க்க, நம்பலாம். எங்கே படிப்பது என்று முடிவு செய்ய வேண்டாம். பெரும்பாலும் அவர்களுக்குச் சம்பளம் பல்கலைக்கழகம் தரும் கமிஷன். அதனால்தான் உங்களிடம் "சேவை இலவசம்" என்கிறார்கள். எனக்கு வாய்த்தவர், நான் கேட்காத ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரை நாலு முறை சொன்னார். ஐந்தாவது முறை அப்பா எழுந்து, "போலாம்மா" என்றார். அவ்வளவுதான்.

அங்கே வாங்கும் பட்டம் இங்கே செல்லுமா?

இந்தக் கேள்வியை நிறையப் பேர் பட்டம் வாங்கிய பிறகு கேட்கிறார்கள். படிக்கப் போகும் முன்பே இதற்கு விடை தெரிந்திருக்கவேண்டும். விடை துறைக்குத் துறை மாறும்.

மருத்துவம் என்றால் மலேசிய மருத்துவ மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலை நீங்களே பாருங்கள். பல்கலைக்கழகம் உலகப் புகழ் பெற்றதா என்பது இங்கே எடுபடாது, பட்டியலில் இருக்கிறதா என்பதுதான் பேச்சு. பட்டியல் மாறவும் செய்யும். 2005-ல் கிரிமியாவின் மாநில மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு இருந்த அங்கீகாரம் விலக்கப்பட்டபோது, நம் வீடுகளில் எத்தனை பேர் பதறினார்கள் என்பதைப் பெரியவர்களிடம் கேளுங்கள். பட்டியலில் இல்லாத பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்தால் தகுதித் தேர்வு எழுதவேண்டிவரும். அங்கீகாரம் இருந்தாலும், வந்தவுடன் குறைந்தது இரண்டு ஆண்டு பயிற்சி மருத்துவர் பணி. நான்கு மாதத்துக்கு ஒரு பிரிவு என்று சுற்றவேண்டும். 2016 கடைசியிலிருந்து அரசு எடுப்பது ஒப்பந்த அடிப்படையில்தான், நிரந்தர வேலை தானாக வந்து சேர்வதில்லை. எஸ்பிஎம் மலாய் மொழியில் கிரெடிட் இல்லாவிட்டால் அரசு வேலைக்கே சிக்கல். "வெளிநாடுதானே போறேன், மலாய் எதுக்கு" என்று ஐந்தாம் படிவத்தில் சொல்லும் பிள்ளையின் காதில் இதைப் போட்டு வையுங்கள்.

பினாங்குப் பிள்ளைகளுக்கு இன்னொரு வழி உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. ஜார்ஜ்டவுனில், ஜாலான் சிப்பாய் லைன்ஸில் இருக்கும் மருத்துவக் கல்லூரி. 1996-ல் பினாங்கு மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கியது, இப்போது ஆர்சிஎஸ்ஐ யுசிடி மலேசிய வளாகம் என்று பெயர். முதல் இரண்டரை ஆண்டு அயர்லாந்தின் டப்ளினில், மீதி பினாங்கில். நோயாளிகளோடு பழகும் காலம் முழுக்க இந்த ஊரிலேயே கழிகிறது. ஹொக்கியன் பேசும் பாட்டிக்கும் தமிழ் பேசும் தாத்தாவுக்கும் எங்கே வலிக்கிறது என்று கேட்கப் படிக்கும்போதே பழகிவிடுகிறார்கள். பாதியில் திரும்பி வருவதையே பாடத்திட்டத்துக்குள் வைத்த படிப்பு இது.

சட்டம் என்றால், இங்கிலாந்தில் எல்எல்பி சட்டப் பட்டம் வாங்கியதும் வழக்கறிஞராகிவிட முடியாது. ஒன்று, அங்கேயே பாரிஸ்டர் ஆகவேண்டும். அல்லது இங்கே வந்து சிஎல்பி என்னும் சட்டத் தொழில் தகுதித் தேர்வு எழுதவேண்டும். ஐந்து தாள்கள், கடினமானவை என்று ஊரறிந்த பெயர். அதற்கும் பிறகு ஒன்பது மாதம் மூத்த வழக்கறிஞரிடம் பயிற்சி.

என் துறையில் கொஞ்சம் நிம்மதி. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்பதற்கு 1989-ல் போட்ட வாஷிங்டன் உடன்படிக்கை உண்டு. மலேசியா 2009-ல் முழு உறுப்பு நாடானது. அதற்காக எல்லாப் பொறியியல் பட்டமும் செல்லும் என்று அர்த்தமில்லை. அந்தக் குறிப்பிட்ட படிப்பு அங்கீகாரம் பெற்றதா என்று மலேசியப் பொறியியலாளர் வாரியத்தில் கேட்டுவிட்டுச் சேருங்கள். வணிகம், கணினி படிப்பவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு.

இந்தியாவில் படித்தால்?

மலேசிய இந்திய மருத்துவர்களில் மணிப்பால் போய் வந்தவர்கள் ஏராளம். 1997-ல் மலாக்கா மணிப்பால் மருத்துவக் கல்லூரி வந்தபோது பாதி அங்கே, பாதி இங்கே என்று ஆனது. செலவு குறைவு, சாப்பாட்டுக்கு அலைய வேண்டாம்.

ஆனால் "நம்ம ஊருதானே" என்று போகாதீர்கள். என் அத்தை மகள் கோயம்புத்தூரில் படித்தாள். முதல் நாள் விடுதியில், "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டாள். "அப்படின்னா?" என்றார்கள். காரைக் 'காடி' என்றாள், சிரித்தார்கள். "நீங்க சிலோனா?" என்று மூன்று பேர் கேட்டார்களாம். ஷெஃபீல்டில் நான் வெளியூர்க்காரி என்பது எனக்கும் தெரியும், பார்ப்பவருக்கும் தெரியும். அவளுக்கோ அது தன் மொழிக்குள்ளேயே நடந்தது. எங்கள் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். அவர் பேத்தி அந்தப் பக்கம் போய், "நான் மலேசியா" என்று தமிழில் விளக்கவேண்டி வந்தது. திரும்பி வந்தபோது வேண்டுமென்றே முன்பைவிட அதிகமாக நம் மலேசிய 'லா' போட்டுப் பேசினாள்.

குளிர் தாங்குமா? சோறு கிடைக்குமா?

குளிர் பழகிவிடும், இருட்டுதான் பழகாது. டிசம்பரில் ஷெஃபீல்டில் நாலு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். ஆண்டு முழுக்க ஏழு மணிக்கு இருட்டும் ஊரில் வளர்ந்த நமக்கு அது நெஞ்சில் ஏதோ செய்யும். மதியம் வகுப்பு இல்லாவிட்டால் வெளிச்சம் இருக்கும்போதே வெளியே நடந்துவிட்டு வாருங்கள்.

சோறு எங்கும் கிடைக்கும். சின்ன ரைஸ் குக்கரும் அம்மா அரைத்த மிளகாய்த்தூளும் போதும். நாசி கண்டார் ஏக்கத்துக்கு மருந்து கிடையாது. லண்டன் போனால் பேஸ்வாட்டரில் மலேசியா ஹால் இருக்கிறது.

படித்துக்கொண்டே வேலை செய்து கட்டணத்தை அடைக்கலாமா?

முடியாது. பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர்கள் பாடக் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம், ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம். கைச்செலவுக்கு ஆகும். மீறினால் விசா போகும்.

அங்கே நம் ஆட்கள் இருப்பார்களா?

இருப்பார்கள், ஆனால் நீங்கள் நினைக்கும் நம் ஆட்கள் இல்லை. எனக்கு அமைந்தது ஓர் இலங்கைத் தமிழ்க் குடும்பம். பஸ்ஸில் நான் அம்மாவோடு பேசுவதைக் கேட்டுவிட்டு அந்த அக்கா, "ஞாயிறு வீட்டை வாங்கோ, கதைப்பம்" என்றார். கதை சொல்லப்போகிறார் என்று நினைத்துப் போனேன். சும்மா பேசலாம் என்று கூப்பிட்டிருக்கிறார். புட்டும் மீன் குழம்பும் போட்டார். அவரோடுதான் 2019 தைப்பூசத்துக்கு லண்டன் ஹைகேட் முருகன் கோயிலுக்குப் போனேன். குளிருக்குக் கோட்டு போட்டுக்கொண்டு கும்பிட்டேன். பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலில் 513 படி ஏறி, வியர்வையில் நனைந்து, மேலே போய்த் திரும்பிக் கடலைப் பார்க்கும் ஆளுக்கு அது வேறு மாதிரியான பூசம். வீட்டுக்குப் போன் போட்டேன். பின்னணியில் உறுமி கேட்டது, அழுதுவிட்டேன்.

படிப்பு முடிந்ததும் அங்கேயே இருந்துவிடலாமா?

2021 ஜூலையில் பிரிட்டன் பட்டதாரி விசாவைத் தொடங்கியது. இரண்டு ஆண்டு இருந்து வேலை தேடலாம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் இளநிலை, முதுநிலைப் பட்டதாரிகளுக்கு அது 18 மாதம். நான் முடித்த 2020-ல் அந்த விசாவே இல்லை. நாலு மாதம் அவகாசம், வெளியே முழு ஊரடங்கு, அதனால் எனக்கு முடிவெடுக்கும் வேலையே இருக்கவில்லை.

இருப்பதா வருவதா என்பதில் என் கருத்தைக் கேட்பவர்களுக்கு வூ லியன் தே கதையைச் சொல்வேன். 1879-ல் பினாங்கில் பிறந்தவர். குயின்ஸ் உபகாரச் சம்பளம் பெற்று 1896-ல் கேம்பிரிட்ஜ் போய் மருத்துவம் படித்தார். ஊருக்குத் திரும்பி இங்கேயே வைத்தியம் பார்த்தார், அபினை எதிர்த்துப் போராடினார். பிறகு சீனா போனார். 1910-11-ல் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் வந்தபோது, துணி முகக்கவசம் போடச் சொல்லி நோயைக் கட்டுப்படுத்தியவர் அவர்தான். 1937-ல் மறுபடி மலாயா வந்தார், 1960-ல் பினாங்கில் காலமானார். போனார், வந்தார், மறுபடி போனார், மறுபடி வந்தார். ஒருமுறை திரும்பி வந்தால் கதை முடிந்தது என்றும், ஒருமுறை தங்கிவிட்டால் துரோகம் என்றும் நம் சொந்தக்காரர்கள் பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் இந்த மனிதர்தான் நினைவுக்கு வருகிறார்.

பெண் பிள்ளையைத் தனியாக அனுப்பலாமா?

என்னை அனுப்பினார்கள். ஆண் பிள்ளைகளின் பெற்றோர் யாரும் இதை என்னிடம் கேட்டதில்லை.

திரும்பி வந்தபோது எப்படி இருந்தது?

முதல் பதினாலு நாள் கோலாலம்பூர் ஹோட்டல் அறை. அப்போது வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்குக் கட்டாயத் தனிமைப்படுத்தல். விமான நிலையத்தில் மாலையோடு நிற்கும் அம்மாவை இரண்டு ஆண்டாகக் கற்பனை செய்திருந்தேன். முழுப் பாதுகாப்பு உடுப்பில் ஒருவர் வந்து பஸ்ஸில் ஏற்றினார். ஜன்னல் திறக்காது. கதவுக்கு வெளியே பொட்டலத்தில் நாசி லெமாக் வைத்துவிட்டுப் போவார்கள். சொந்த நாட்டில் நான் முதலில் சாப்பிட்ட அந்த நாசி லெமாக்கில் சம்பால் காரமே இல்லை.

அப்புறம் ரயிலில் பட்டர்வொர்த். இறங்கியதும் ஒரு நிமிடம் ஊர் மாறி இறங்கிவிட்டோமோ என்று நின்றேன். நான் கிளம்பிய இரண்டு மாதத்தில், 2018 நவம்பரில், பினாங்கு சென்ட்ரல் திறந்துவிட்டார்கள். பெரிய கட்டடம், மேலும் கீழும் நகரும் படிகள். பிறந்த ஊரில் வெளியே போகும் வழி தெரியாமல் ஒரு வங்காளதேசத்துத் தம்பியிடம் கேட்டேன். அழகாக வழி சொன்னார். வாசலில் அப்பா மெலிந்து நின்றார். அதற்குக் காரணம் பிறகு தெரிந்தது. அந்த ஆண்டுக் கடைசியோடு, கார்களை ஏற்றிப்போன பழைய பெரிக் கப்பல் சேவையும் நின்றது. நல்லவேளை, அதற்குமுன் இரண்டு முறை சும்மா ஜார்ஜ்டவுன் போய்த் திரும்பினேன். இப்போதைய புதுப் பெரிகள் 2023 ஆகஸ்டில் வந்தவை, ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் மட்டும்தான்.

ஊர் மாறியது பெரிதில்லை, வீடு மாறாமல் இருந்ததுதான் சிரமம். என் அறையில் எஸ்பிஎம் கால அட்டவணை இன்னும் சுவரில். இரவு பத்து மணிக்கு, "எங்கே இருக்கே?" என்று அம்மா போன் செய்வார். இரண்டு ஆண்டு எந்த மணிக்கு நான் அறைக்குத் திரும்பினேன் என்று அவருக்குத் தெரியாது. தெரியாததால் பயமும் இல்லை. இப்போது தெரிகிறது, பயமும் வந்துவிட்டது. அதை நான் கட்டுப்பாடு என்று எடுத்துக்கொண்டு நிறையச் சண்டை போட்டேன்.

இன்னொரு பக்கம், நான் வாயைத் திறந்தாலே "அங்கேல்லாம்" என்று தொடங்கியிருக்கிறேன். அங்கேயெல்லாம் வரிசையில் நிற்பார்கள், அங்கேயெல்லாம் பஸ் நேரத்துக்கு வரும். நான் கவனிக்கவே இல்லை. தம்பி ஒரு தகரடப்பாவை மேசைமேல் வைத்து, ஒவ்வொரு "அங்கேல்லாம்"முக்கும் ஒரு வெள்ளி போடு என்றான். முதல் மாதத்தில் 37 வெள்ளி சேர்ந்தது. அந்தக் காசில் எல்லாரும் மாமாக் (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டு) கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டோம்.

நீங்கள் திரும்பி வரும்போது யாரும் உங்கள் கதையை இரண்டாம் முறை கேட்க விரும்பமாட்டார்கள். கோபப்படாதீர்கள். அவர்களிடமும் இரண்டு ஆண்டுக் கதை இருக்கிறது, நீங்களும் கேட்கவில்லை. இதே மாதிரி போய் வந்த ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். எனக்கு டப்ளின் போய் வந்த தோழி ஒருத்தி கிடைத்தாள். மாதம் ஒரு முறை தே தாரேக் குடித்துக்கொண்டே மழையைப் பற்றிக் குறை சொல்வோம், அந்த ஊர் மழையைப் பற்றி.

பட்டமளிப்பு விழாவும் எனக்கு இல்லை. கொரோனாவால் நிறுத்திவிட்டார்கள், சான்றிதழ் தபாலில் வந்தது. அம்மாவுக்கு ஹாலில் மாட்டப் படம் வேண்டும். பெரியம்மா மகள் பினாங்கில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியபோது எடுத்த அங்கி ஒன்று யாரிடமோ இருந்தது. அதை மாட்டிவிட்டு ஸ்டுடியோவில் நிற்கவைத்தார். பல்கலைக்கழகமும் வேறு, நிறமும் வேறு. வீட்டுக்கு வருபவர்கள் யாரும் இதுவரை கண்டுபிடித்ததில்லை.

வீட்டில் இருந்த தம்பி தங்கைகள் இதை எப்படி எடுத்துக்கொள்வார்கள்?

இதுவரை ஒருவர்கூட என்னிடம் கேட்காத கேள்வி.

திரும்பி வந்த மூன்றாம் நாள் அப்பாவின் மணிக்கட்டில் ஒரு சின்னத் தழும்பு பார்த்தேன். அவர் கையை இழுத்துக்கொண்டார். அம்மா அடுப்பைப் பார்த்தபடி நின்றார். தம்பிதான் சொன்னான். 2019 நவம்பரில் அப்பாவுக்கு நெஞ்சு வலி, ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். எனக்கு அப்போது தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. "அக்காவுக்குச் சொல்லாதீங்க, படிப்பு கெடும்" என்று அப்பா சொன்னாராம். அந்த வாரம் நான் வீடியோவில் பேசியபோது அம்மா மட்டும் வந்தார். அப்பா இரவு வேலையில் இருக்கிறார் என்றார்கள். நானும் பனியைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்து, மருத்துவர் சொன்ன மலாயைத் தமிழில் விளக்கி, இரவு நாற்காலியில் தூங்கியவன் தம்பி. அப்போது அவனுக்குப் பதினெட்டு. பகலில் செபெராங் பிறை பாலிடெக்னிக்கில் டிப்ளோமா, மாலையில் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோகும் வேலை. அவனுக்கும் பட்டப்படிப்பு ஆசை இருந்தது. வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான் பணம் இருந்தது. மூத்தவள் நான், மதிப்பெண்ணும் எனக்குக் கூட. இதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை, அப்படியே ஆகிவிட்டது.

"ஏன்டா சொல்லல?" என்று கத்தினேன். "சொன்னா என்ன செஞ்சிருப்ப?" என்றான். கோபத்தில் கேட்கவில்லை, உண்மையிலேயே கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை.

அதனால் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்வேன். கிளம்பும் முன்பே வீட்டில் ஒப்பந்தம் போடுங்கள், நல்லதோ கெட்டதோ மறைக்கக்கூடாது என்று. அவர்கள் மறைக்கத்தான் செய்வார்கள், இருந்தாலும் கேட்டு வையுங்கள். இரண்டாவது, யாருடைய பங்குப் பணத்தில் போகிறீர்கள் என்று தெரிந்துகொண்டு போங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டிலிருந்து தம்பியின் பகுதிநேரப் பட்டப்படிப்புக்குக் கட்டுகிறேன். அவன் கேட்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. ஒவ்வொரு பருவமும் கட்டணச் சீட்டைப் படம் பிடித்து, ஒரு வார்த்தையும் எழுதாமல் எனக்கு அனுப்பிவிடுவான்.

வெளிநாட்டுப் பட்டத்துக்கு உடனே வேலை கிடைத்ததா?

ஐந்து மாதம் ஆனது. பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் 1972-லிருந்து தொழிற்சாலைகள் இருக்கின்றன, இன்டெலும் அதே ஆண்டு வந்ததுதான். மின்னணு படித்தவருக்குப் பினாங்கைவிட நல்ல ஊர் நாட்டில் இல்லை. ஆனால் உள்ளூரில் படித்தவர்கள் இறுதியாண்டிலேயே இங்கே பயிற்சிக்குப் போய் மேற்பார்வையாளரின் பெயர் வரை தெரிந்து வைத்திருந்தார்கள். என்னிடம் ஷெஃபீல்டின் மேட்டுத் தெருக்களின் பெயர்கள் இருந்தன. ஒரு நேர்காணலில், "லண்டன் சம்பளம் எதிர்பார்ப்பீங்களே" என்று சிரித்தார்கள். நான் லண்டனில் படிக்கவே இல்லை. கடைசியில் கிடைத்த வேலைக்கு முதல் சம்பளம் 2,900 வெள்ளி. அதே மேசை வரிசையில் உள்ளூர்ப் பட்டதாரிக்கும் அதே 2,900. மனசுக்குள் பவுண்டில் வகுத்துப் பார்த்தேன், வகுத்திருக்கக் கூடாது.

கோடை விடுமுறையில் ஊருக்கு வந்தால் சும்மா இருக்காமல் இங்கேயே ஒரு பயிற்சி வேலை தேடுங்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை.

திரும்பி வருபவர்களுக்கு அரசாங்கம் வரிச் சலுகை தருகிறதாமே?

அரசு நிறுவனமான டேலன்ட்கார்ப் 2011-லிருந்து நடத்தும் திட்டத்தைச் சொல்கிறீர்கள். ஐந்து ஆண்டுக்கு 15 விழுக்காடு வரி. அது வெளிநாட்டில் பல ஆண்டு வேலை பார்த்த நிபுணர்களுக்கு. நேற்றுப் பட்டம் வாங்கிய நமக்கு இல்லை.

வந்ததும் கல்யாணமா?

என் அத்தைகளைக் கேளுங்கள்.

திரும்பி வரும்போது எதைக் கொண்டு வருவது, எதை விட்டுவிட்டு வருவது?

சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பாடத்திட்ட விவரம் மூன்றையும் கைப்பையில் வையுங்கள். பாடத்திட்டத்தைப் பிறகு இங்கே யாராவது கேட்பார்கள், அங்கிருந்து வரவழைப்பது பெரும்பாடு. சட்டி பானையை அடுத்து வருபவருக்குக் கொடுத்துவிடுங்கள். ரைஸ் குக்கரை அந்த இலங்கை அக்காவிடம் விட்டேன்.

நான் கொண்டு வந்ததில் மடத்தனமானது குளிர்காலக் கோட்டு. பினாங்கு வெயிலில் அதைத் தொட்டாலே வியர்க்கும். அம்மா நெகிழிப் பையில் போட்டு, அந்துருண்டை வைத்து அலமாரியில் தொங்கவிட்டார். ஓர் ஆண்டு கழித்துப் பக்கத்து வீட்டுப் பையன் லீட்ஸ் போனபோது கேட்டான், கொடுத்தேன். அவன் திருப்பிக் கொண்டுவந்தான். அப்புறம் அம்மாவின் தோழி மகள் மெல்பர்ன் கொண்டுபோனாள். அங்கே அவ்வளவு குளிரில்லை என்று அவளும் கொண்டுவந்துவிட்டாள். இப்போது டப்ளினில் இருக்கிறது. யாருக்காவது வேண்டுமென்றால் அடுத்த ஜனவரியில் திரும்பி வரும், சொல்லி வையுங்கள். ஜிப் பாதியில் சிக்கும். கீழ் நுனியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இழுக்கவேண்டும்.